காற்றில்லாமல் எண்பது

கிர்ஷ்ஹைம் சரிவில் மஞ்சள் விளக்கு எரிந்தது.
வண்டி வேறெதுவும் காட்டிக்கொள்ளவில்லை;
ஸ்டீயரிங் நேராகவே இருந்தது.

காற்றுப் போனாலும் எண்பது கிலோமீட்டர்,
வேகம் எண்பதைத் தாண்டாமல்:
விற்றவன் சொன்ன கணக்கு.
முன்னூறு குதிரை பூட்டிய வண்டியை
பால் லாரி ஒன்று முந்தியது.
ஓட்டியவன் கையசைத்தான் வேறு.

நல்ல நாளிலேயே இந்த டயர்
பொடிக்கல்லையும் முதுகெலும்பிடம் கோள் சொல்லும்.
இன்று அக்டோபர், ஆறு டிகிரி.
கோடைக்கென்று பிறந்த ரப்பர்
வளைவுதோறும் விறைத்து முனகியது.

நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஃபுல்டா.
மெக்கானிக் வீப்கெ டயரைக் கழற்றினாள்.
வெளியே ஒரே ஒரு ஆணித்துளை.
உள்ளே விட்ட கையை விரித்தாள்:
ஒரு பிடி கருந்தூள்.

"இதன் மேல்தான் வந்திருக்கிறாய், ஹென்னிங்.
இனிமேலாவது சாதா டயர் போடவா?"

முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன்:
"இதேதான்."