சுவர் நீங்கலாக

பகலில் நான் வீடுகளைச் சுருக்குகிறேன்.
பிசினஸ் பே, பதினேழாம் மாடி, ஏசி பதினெட்டில்.
முப்பத்தொன்றாக இருந்த ஸ்டூடியோ
போன வாரம் இருபத்தாறு,
இன்று இருபத்திரண்டு சதுர மீட்டர்,
சுவர் நீங்கலாக.
கட்டிலைச் சுவருக்குள் மடித்தேன்.
சாப்பாட்டு மேசையைக் கட்டிலின் முதுகில் ஒட்டினேன்.
அடுப்பு ஒன்று போதும் என்றார் மேலாளர்,
இந்த விலைக்கு வாங்குகிறவர்கள் சமைக்க மாட்டார்களாம்.

விளம்பரத்துக்குத் தமிழிலும் ஒரு வரி கேட்டார்கள்.
'சின்ன வீடு' என்று போட்டால்
எங்கள் ஊரில் யார் யார் வந்து விசாரிப்பார்கள் என்று
விளக்க வேண்டியதாயிற்று.
ஹரீந்திரன் சேட்டன் கீபோர்டில் தலைவைத்துச் சிரித்தார்.
'கச்சிதமான இல்லம்' என்று முடிவானது.

வரைபடத்தில் அளவுக்கு ஒரு மனிதனை நிறுத்துவோம்.
ஐந்தே முக்கால் அடி, சாம்பல் நிறம்.
அவன் கையில் ஈரத் துண்டு இருக்காது.
ஊருக்குக் கொண்டுபோக வாங்கிச் சேர்த்த
பால்பவுடர் டின்கள் இருக்காது.
அவனை எங்கே வைத்தாலும் பொருந்துவான்.

மாலையில் மெட்ரோ ஏறி
ஏழுக்கு எட்டடிக்குத் திரும்புவேன்.
கராமாவில் ஒரு ஹால், நான்கு பார்ட்டிஷன்.
ஜிப்சம் பலகை சரியாகச் சன்னலின் நடுவில் வந்து முட்டும்:
இடது கண்ணாடி எங்களுக்கு,
வலது செய்யது பாய் குடும்பத்துக்கு.
திறக்கும் கதவு அவர்கள் பக்கம்.
காற்று வேண்டுமென்றால் தட்டிக் கேட்போம்.
மீன் பொரிக்கும் நாட்களில் அவர்களே திறந்துவிடுவார்கள்.

அமலதாசும் நானும் வாட்ஸப்பில்தான் சண்டை போடுவோம்,
ஒரே கட்டிலில், முதுகும் முதுகும் ஒட்ட.
ஆங்கிலமாவது பெரிய எழுத்தில் கத்தும்.
தமிழில் அது இல்லை.
ஆச்சரியக்குறிகளை அடுக்குவேன்.
அவர் 'ம்' என்று ஓர் எழுத்து அனுப்புவார்.
அதற்குப் பிறகு தூங்க முடியாது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
சோதனை வரப்போகிறதென்று நாத்தூர் சொன்னான்.
புதன்கிழமை பலகைகளைக் கழற்றிவிட்டார்கள்.
இரண்டு மணி நேரம் கூட ஆகவில்லை.

எவ்வளவு பெரிய ஹால்!
தொழில் புத்தி, டேப்பை எடுத்து அளந்தேன்.
நாற்பத்தொரு சதுர மீட்டர்.
ஏழு பேரும் ஓரமாக நின்றோம்,
கல்யாண மண்டபத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர்கள் போல.
ரொவீனாவின் நர்ஸ் செருப்பு,
பாயின் தொழுகை விரிப்பு,
எங்கள் வேளாங்கண்ணி மாதா,
எல்லாம் ஒரே தரையில், கூச்சத்தோடு.
முழுச் சன்னலை அன்றுதான் பார்த்தேன்.
வலது பாதியில் ஒரு வேப்பமரம் இருந்திருக்கிறது.
இரண்டு வருடம்.

ராத்திரி எல்லாரும் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி
எல்லை போட்டுக்கொண்டோம்.
யாருக்கும் தூக்கம் வரவில்லை.
அவர் தம்பிக்குக் கொடுத்த கடன்,
ரத்தான எங்கள் டிக்கெட், அந்தப் பழைய கணக்கு.
இரண்டு போன் வெளிச்சத்தில் இரண்டு முகங்கள்,
என்னுடையது நனைந்து.
எதிர்ப்புறம் மைமூன் அக்கா தலையைத் தூக்கினாள்,
பார்த்தாள்,
பிள்ளையின் போர்வையைச் சரிசெய்வதுபோல்
மெல்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
அரை அங்குல ஜிப்சத்தைவிட
கனமாக இருந்தது அந்த முதுகு.

இன்று காலை வரைபடத்தில்
குளியலறைக்கும் மடிப்புக் கட்டிலுக்கும் நடுவே
தொண்ணூறுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டரில்
ஓர் இடம் எடுத்தேன். கதவு வைத்தேன்.
ஓர் ஆள் நிற்கலாம், உட்காரவும் ஆகும்,
முட்டியைக் கட்டிக்கொண்டால்.
சாம்பல் மனிதனை உள்ளே வைத்துப் பார்த்தேன்.
இது என்ன என்றார் மேலாளர்.
ஸ்டோர் என்றேன்.
எடுத்துவிடுங்கள், இருபத்தொன்றில் முடியும் என்றார்.

ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.
அமலதாசிடமிருந்து செய்தி வந்திருக்கிறது:
அல் நாதாவில் ஓர் அறை, கதவு உண்டாம்,
சன்னல் இல்லையாம், போய்ப் பார்ப்போமா.
'ம்' என்று அனுப்பினேன்.