நிமிடத்துக்குப் பத்து லிட்டர்

ஓரோஷ்ஹாசா மருத்துவமனையின் மொட்டைமாடியில்
ஒரு யந்திரம் மூச்சு விடுகிறது.
விடுகிறது என்பது பிழை.
இழுக்கிறது, இழுக்க மட்டுமே செய்கிறது,
நிமிடத்துக்குப் பத்து லிட்டர்,
சாவகாசமாக நடக்கும் ஓர் ஆளின் அளவு.
அதற்குத் தும்மல் கிடையாது.
உள்ளே ஓர் உருளை,
வாசலின் தடவிய நாடா,
மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும்.
திங்கள்தோறும் நான் ஏறிப்போய்
ஒரு வாரக் காற்றைக்
கழற்றிக்கொண்டு இறங்குவேன்.

இந்த ஊரில் மூக்கொழுகினால் பழி
தரிசுப்புல்லுக்குத்தான்.
ஜூன் முப்பதுக்குள் பிடுங்காதவனுக்கு
அபராதம் என்பது சட்டம்.
அறுவடை யந்திரம் ஓட்டும் வெண்டெல்
பக்கத்து மனைக்காரர் கெலெமென்மீது
பன்னிரண்டு வருஷமாய்ப் புகார் எழுதுகிறார்.
வேலியோரம் முழங்கால் உயரத்தில்
பச்சைப்பசேலென்று நிற்கும் அது
அவர் நெஞ்சுக்குள்
பூனைக்குட்டிகளை விடுகிறதாம்.
இரவெல்லாம் அவை கத்துகின்றனவாம்.
கெலெமென் இரண்டு முறை அபராதம் கட்டினார்.
பேச்சை எப்போதோ நிறுத்திவிட்டார்.

நாள்காட்டிதான் முதலில் இடறியது.
வெண்டெலின் இருமல் ஜூலை இரண்டாம் வாரம்.
தரிசுப்புல் பூப்பது ஆகஸ்ட் பாதியில்.
பூக்காத செடி எப்படி
மூச்சை நெரிக்கும்?

பழைய வில்லைகளை எடுத்தேன்.
மகரந்தத்தை மட்டும் எண்ணி
நான் மூடிவைத்த வில்லைகள்.
மகரந்தம் இளஞ்சிவப்புச் சாயம் குடித்துக்
கல்யாண வீட்டுப் பிள்ளைபோல் நிற்கும்.
அதன் இடுக்குகளில்
சாயம் ஏற்காமல் பழுப்பாய்,
அழுக்கென்று நான் கடந்துபோனவை.
ஒவ்வொன்றும் ஒரு கதை.
சொல்லும் கதையல்ல, அடிக்கும் கதை:
பருத்த தலை, ஒடுங்கிய பிடி,
குறுக்கும் நெடுக்குமாய்ச் சுவர்கள்.
ஆல்டர்னேரியா.
பழுத்துக் காய்ந்த கோதுமைத் தாளில்
குடியிருக்கும் கரும்பூஞ்சையின் வித்து.
தாளை வெட்டினால் எழும்பும்.
ஜூலை பதினொன்று, பிற்பகல் மூன்று:
எண்ணி எண்ணி விரல் மரத்துப்போனது.
வயல் பக்கமிருந்து காற்று.
வயலில் அன்று யார் என்று
எனக்குத் தெரியும்.

டாக்டர் பிரோஷ்கா அவர் முன்கையில்
சொட்டுச் சொட்டாய் வைத்துக் குத்தினார்.
பதினைந்து நிமிடம்.
தரிசுப்புல் இருந்த இடம்
குழந்தை முதுகுபோல் வழுவழு.
மூன்று விரற்கடை தள்ளி
ஒரு தடிப்பு எழும்பியது, கொசுக்கடியைவிடப் பெரிதாய்.

அறிக்கையில் எழுதினேன்:
‘பூஞ்சை வித்துகள் காரணமாக இருக்கலாம்.’
வெண்டெல் அந்தக் கடைசிச் சொல்லில்
விரலை வைத்து அழுத்தினார்.
“பன்னிரண்டு வருஷச் சண்டையைப் பிடுங்கிக்கொண்டு
கையில் ஓர் ‘இருக்கலாம்’ தருகிறாயா?”
தடிப்பு சாட்சிதான், தீர்ப்பு அல்ல என்றேன்.
வைக்கோல் தூசியும் உண்டு, பூச்சிகள் உண்டு,
நாம் பெயரிடாததும் உண்டு என்றேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
வெளியே அவருடைய யந்திரம்,
சக்கரமெல்லாம் தாள் ஒட்டிக்கொண்டு,
வீட்டுக்குத் திரும்ப அழைக்கும் மாடுபோல்.
“அப்படியானால் நான்தான் எழுப்பினேனா?”
இதற்கும் அதே சொல்தான் இருந்தது என்னிடம்.
சொல்லவில்லை.

இப்போது முகமூடி போட்டு ஓட்டுகிறார்,
கூண்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு.
பூனைகள் குறைந்தன, போகவில்லை.
போன வாரம் வேலியோரம்
பழக்கத்தில் ஒரு செடியைப் பிடுங்கினாராம்.
கெலெமென் வாசலில் நின்று பார்த்தாராம்.
பிடுங்கியதை எங்கே போடுவதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடியே நின்றாராம் வெண்டெல்.
இருவரும் பேசவில்லை.
சொன்னது கெலெமென்தான், தானே வந்து,
கொஞ்சம் சிரிப்பாக.

நேற்றிரவு மழை.
விடியற்காலை நாலு மணி வில்லையில்
வேறு கூட்டம், ஈரத்தில் மட்டும் வருவது:
கண்ணாடிபோல் மெல்லிய வித்துகள்.
எந்தக் காளான், எந்த மரம்,
யார் நெஞ்சு என்று தெரியாது.
கடைசிக் கட்டத்தில்
‘அடையாளம் காணாதவை: 317’ என்று குறித்துவிட்டு
உருளையை மாட்ட மேலே போகிறேன்.
யந்திரத்தின் வாய்க்கு அருகே குனியும்போது
ஏனோ மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
கணக்கில் நானும் விழுந்துவிடாமல்.