ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரத்தை அளப்பது
என் வேலை.
ஒரு கை அள்ளிக் கருவியில் போட்டால் எண் வரும்.
பதினேழைத் தாண்டினால்
திரும்பக் கொட்டிக் காயவைக்க வேண்டும்.
பத்தொன்பதோடும் இருபதோடும் வந்து நிற்பார்கள்
குத்தாலத்து அடைமழையில் மூட்டைக்குள்ளேயே
முளைவிட்ட குறுவையோடு.
முகத்தைப் பார்க்காமல் எண்ணைச் சொல்லப்
பழகியிருக்கிறேன்.

என் நடுக்கத்துக்கு அப்படி எண் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
பெட்டிகளை எண்ணினேன்
நாற்பத்திரண்டு வரை.
அதற்குமேல் எண்களும் இல்லை, காற்றும் இல்லை.
மாரடைப்பென்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
இதயம் பழுதில்லை என்று சீட்டு கொடுத்தார்கள்.
பழுதில்லாத இதயத்தோடு
இரண்டு மாதம் வாசல் தாண்டாமல் கிடந்தேன்.

பிறகு வந்தது அந்த வெள்ளை மாத்திரை.
இரவு ஒன்பதுக்கு ஒன்று.
மெல்ல மெல்ல
பஸ் ஏறினேன், கேட்டைக் கடந்தேன்,
கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினேன்.
ஒருத்தி பிழைத்து எழுந்ததற்கு
வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஐப்பசி பதினெட்டாம் தேதி
குளியலறையில் இரண்டு கோடு.
ஐந்து வருஷமாக
"ஏதும் விசேஷமா" என்று கேட்டவர்கள் யாரிடமும்
அன்றைக்குச் சொல்லவில்லை.
மாத்திரை அட்டைக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தேன்.
எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து.
கருவுற்றிருந்தால், என்று ஒரு வரி.
அதை முழுதாகக்கூடப் படிக்கவில்லை.
மீதி ஒன்பது மாத்திரையும்
பாலத்திலிருந்து காவிரிக்குள் போயின.

மணிமொழியனிடம் சொன்னேன்.
"உன் இஷ்டம்" என்றான்.
அன்பாகத்தான் சொன்னான்.
ஆனாலும் அந்த இரண்டு சொல்லில்
நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

பதினோராம் நாள்
இருபது டிராக்டர் வரிசையில் நிற்க
கருவியின் எண் நீந்தத் தொடங்கியது.
பதினேழா, எழுபதா?
மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.
யாரோ சோடா உடைத்தார்கள்.
வயிற்றில் எள்ளளவு இருக்கும் ஒன்று
என் இதயத்தின் ஓட்டத்தைக்
கேட்டுக்கொண்டிருக்குமே என்ற நினைப்பில்
அது இன்னும் வேகமாக ஓடியது.

மறுநாள் கடைமுகம். ஊரே துலாக்கட்டத்தில்.
அத்தை கூப்பிட்டார், நான் போகவில்லை.
"முழுகாம இருக்கேன்" என்றேன்.
அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.
அப்புறம் அழுதார், பிறகு புடவையை மாற்றிக்கொண்டு
தனியாகவே முழுகப் போனார்.

முடவன் முழுக்கன்று டாக்டர் ரஹ்மத்துன்னிசா முன்னால்.
என் வயதுதான் இருக்கும்.
"யாரு நிறுத்தச் சொன்னது?"
"யாரும் சொல்லலை."
"ஆபத்தே இல்லைன்னு நான் எழுதித் தர மாட்டேன்.
இந்த நடுக்கத்தோடயே பத்து மாசமும் ஆபத்தில்லைன்னு
நீங்க எழுதித் தருவீங்களா?"
மேஜையில் பேனா இருந்தது.
நான் எடுக்கவில்லை.

முதல் வாரம் அரை மாத்திரை.
கத்தியில் பொடிந்தது.
பாக்குவெட்டியில்தான் நேராக விழுந்தது.
விரலில் ஒட்டிய தூளை என்ன செய்வதென்று
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கு
டம்ளர் மூடியின் மேல் அது இருக்கிறது.
வைத்தது அவன்தான்.
இஷ்டம் என்ற பேச்சை எடுப்பதில்லை.

நேற்று ஒருவர் முளைவிட்ட நெல்லைக்
கையில் ஏந்தி வந்தார்.
வெள்ளையாய், நகக்கண் அளவு.
இது செல்லாது என்று சொல்லவேண்டியவள்
கொஞ்சம் தாமதித்தேன்.
அவர் தப்பாக நம்பிவிட்டார்.
பிறகு சொன்னேன், முகத்தைப் பார்த்து.

உள்ளே இருப்பவரே,
தெரிந்தேதான் விழுங்குகிறேன்.
பயம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன்.
வந்தபின் கேளுங்கள்,
பதில் சொல்ல நான் இருக்கவேண்டும்,
அதற்காகவும்தான்.

வெளியே தார்ப்பாய்மேல் மழை.
நாளைக்கு எண் ஏறியிருக்கும்.