கிண்டியில் ஒரு கிண்டி

கிண்டிப் பாலம் இறங்குகையில்
டேஷ்போர்டில் ஒரு கிண்டி எரிந்தது.
சிவப்பு.
மூக்கு நீண்ட சின்னப் பாத்திரம்,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு,
விழவுமில்லை, வற்றவுமில்லை.

ஊருக்கும் பாத்திரத்துக்கும் ஒரே பெயரென்று
பதினோரு வருடம் இந்தப் பாலத்தில் ஓட்டியும்
எனக்குத் தோன்றியதில்லை.
சிரிக்க நேரமுமில்லை.
மணி மூன்று நாற்பது.
பின்சீட்டில் ஜெசிந்தா,
மடியில் ஒரு பெட்டி, காலடியில் இரண்டு.
நாலரைக்குத் தாம்பரத்தில்
ஒரு மணப்பெண்ணுக்கு அவள் முகம் எழுத வேண்டும்.

"கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்களேன் அக்கா,
தானா அணைஞ்சிடும்."

என் தம்பியும் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தான்.
அவன் இன்ஜின் புதுப்பேட்டையில்
கிலோக் கணக்கில் போனது.

ஓரங்கட்டினேன். சாவியைத் திருப்பினேன்.
சத்தம் நின்றதும்தான்
மெட்ரோ தூணடியில் எத்தனை கொசு என்று தெரிந்தது.

உடனே அளக்கக் கூடாது.
மேலே ஏறியதெல்லாம்
கீழே இறங்கி வந்து சேர வேண்டும்.
பத்து நிமிடம்.
அதற்குள் போன் மூன்று முறை கேட்டுவிட்டது,
பயணத்தில் ஏதேனும் சிக்கலா என்று.
அதற்கு என்ன பதில் சொன்னாலும்
என் நட்சத்திரத்தில் ஒன்று உதிரும்.

பானெட்டைத் தூக்கினேன்.
ஜெசிந்தா போனில் வெளிச்சம் பிடித்தாள்.
கண்ணுக்கு மை தீட்டுகிற கை,
வெளிச்சம் அசையவே இல்லை.
துணி தேடினேன், டிஷ்யூ நீட்டினாள்.
மஞ்சள் வளையத்தில் விரல் கோத்துக்
கம்பியை உருவினேன், துடைத்தேன்,
முழுக்கச் சொருகி மறுபடி உருவினேன்.
முதல்முறை காட்டுவது கணக்கில் சேராது.

கம்பியில் இரண்டு புள்ளிகள்.
நடுவில் நிற்க வேண்டியது
கீழ்ப் புள்ளிக்கும் கீழே,
நுனியில் மட்டும்,
நகப்பூச்சு அளவுக்கு.

"இவ்ளோதானா?"
இவ்வளவுதான்.
இதை வைத்துத்தான் நேற்று
மகாபலிபுரம் போய் வந்திருக்கிறேன்,
ஏசி வேறு போட்டுக்கொண்டு.

பங்க் வரை நடந்தேன்.
பையன் எழுந்திருக்காமலே அலமாரியைக் காட்டினான்.
ஒரு லிட்டர் டப்பா நானூற்று எண்பது.
இந்தச் சவாரி முந்நூற்றுப் பத்து.

புனல் இல்லை.
புருவம் திருத்தும் கத்தரியால்
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தந்தாள் ஜெசிந்தா,
"சொல்லாதீங்க, பொண்ணு வீட்ல."
நல்லெண்ணெய் நிறத்தில் இறங்கியது.
பாதி ஊற்றி, பொறுத்து, அளந்து,
இன்னும் கொஞ்சம் ஊற்றி.

சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து
எல்லாம் அணைந்தன.
கிண்டி மட்டும் கடைசியாக,
மனசில்லாமல்.

"அக்கா, கீழே பாருங்க."
குனிந்து வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள்.
தார்ச்சாலையில் காசளவு ஒரு கறுப்பு.
பார்க்கப் பார்க்க அதன்மேல் இன்னொரு சொட்டு,
இது விழுகிற சொட்டு.

போன மாதம் ஆயில் மாற்றியபோது
பழைய வாஷரே போதும் என்றவள் நான்.
மிச்சம் பிடித்தது இருபது ரூபாய்.

தாம்பரம் தாங்கும், போகலாம் என்றேன்.
ஏர்போர்ட் தாண்டும்போதுதான்
அந்தக் கறுப்பை எங்கே பார்த்திருக்கிறேன்
என்பது உறைத்தது.

நெசப்பாக்கம். எங்கள் வாசல்.
மூன்று வாரமாக, தினம் ஒரு புது வட்டம்.
பக்கத்தில் நிற்பது குபேந்திரனின் ஆட்டோ.
வேறு யாராக இருக்கும்?
தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்,
ஓட்டை வண்டியை எங்காவது
ஆற்றங்கரையில் நிறுத்தக் கூடாதா என்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலை
ஒரு சாக்கு மரத்தூளோடு வந்து
வட்டங்களின் மேல் தூவி
காலால் பரப்பிவிட்டுப் போனான்.

அவனுக்குத் தெரிந்திருக்கும்.
ஆட்டோ நிற்கும் இடமும்
சொட்டு விழுந்த இடமும் நாலடி தள்ளி.

பன்னிரண்டு நிமிடத் தாமதத்தில்
ஜெசிந்தாவை மண்டப வாசலில் இறக்கினேன்.
ஓடும்போதே கையைத் துடைத்துக்கொண்டாள்,
பெருவிரல் நகத்தில் மட்டும் கறுப்பு போகவில்லை.

மெக்கானிக் கடை திறக்க எட்டரை ஆகும்.
குரோம்பேட்டை, பல்லாவரம்.
வெளிச்சமில்லாத அந்த இடத்தையே
பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன்.
குபேந்திரன் ஆறு மணிக்கெல்லாம்
வண்டி துடைக்க வந்துவிடுவான்.
அன்றைக்கு "யோவ்" என்று ஆரம்பித்தேன்.
இன்றைக்கு எப்படி ஆரம்பிப்பது.