முப்பதில் போகாதே

கடல் உறைந்தால்தான் எங்கள் ஹீயுமா தீவுக்குச் சாலை.
இந்த வருடம் பிப்ரவரி பாதியில்தான் திறந்தார்கள்.
பனி தொடங்கும் இடத்தில் பலகை:
சீட் பெல்ட்டைக் கழற்றவும். வழியில் நிற்கக் கூடாது.
இருபத்தைந்துக்குள் போகவும்
அல்லது நாற்பதுக்கு மேல்.
நடுவேகத்தில் அடியில் அலை எழும்பிப் பனி பிளக்கும்.

கல்யோ பெல்ட்டைக் கழற்றினான்.
கார் டிங் டிங் என்று கத்தத் தொடங்கியது.
"இதற்குக் கடலும் தெரியாது, ஒன்றும் தெரியாது."

ஹாப்சாலு மருத்துவமனையில் கொடுத்த படிவம்
என் மடியில்.
வாசித்தேன்: மூச்சு நின்றால் இயந்திரம் வேண்டுமா?
"வேண்டாம்."
"யோசித்துச் சொல்."
"செப்டம்பரிலேயே யோசித்தாயிற்று."

செப்டம்பரில் படகைக் கரைக்கு இழுத்தபோது
பாதியில் உட்கார்ந்துவிட்டான்.
கயிறு சரியில்லை என்றான்.
நானும் கடைக்குப் போய்ப்
புதுக் கயிறு வாங்கி வந்தேன்.

குழாய் வழியே உணவு?
வழிகாட்ட நட்டிருந்த ஜூனிப்பர் கிளைகள்
ஏழெட்டு கடந்து போயின.
"நீ ஊட்டினால் சாப்பிடுவேன். குழாய் வேண்டாம்."
டிங் டிங்.

கடைசி நாட்கள் எங்கே?
"வீட்டில்தான். வேறெங்கே?"

பேனா தாளில் இறங்கவில்லை.
என் முதுகுக்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.
அவன் அம்மாவைப் பதினோரு மாதம்
புரட்டிப் படுக்கவைத்த முதுகு.
"வீட்டில் வேண்டாம், கல்யோ.
என்னால் ஆகாது."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
கால் மட்டும் தளர்ந்திருக்க வேண்டும்.
நாற்பத்தைந்து. முப்பத்தெட்டு.
அடியில் எங்கோ
பெரிய கதவொன்று முனகியது.

"முப்பதில் போகாதே."
"ம்."
"கல்யோ, முப்பது!"

அழுத்தினான். ஐம்பதில் முனகல் பின்தங்கியது.
நெடுநேரம் கழித்து,
"சன்னல் பக்கக் கட்டில் கேள்" என்றான்.
அதற்கும் கட்டம் இல்லை; ஓரத்தில் எழுதினேன்.
கார் ஆட்டத்தில் 'சன்னல்' கோணலாகிவிட்டது.
"உனக்கு?"
"எனக்கு என்ன?"
"உன்னை யார் புரட்டுவார்கள்?"

கரை தெரிந்தது, கருப்பாக, தட்டையாக.
முப்பத்தெட்டு வருடத்தில்
பதில் இல்லாத கேள்வி எதையும்
அவன் என்னிடம் கேட்டதில்லை.

மண்மேல் ஏறியதும் பெல்ட்டை மாட்டினான்.
டிங் டிங் ஓய்ந்தது.
அதுவரை அது மூடி வைத்திருந்த
அவன் மூச்சு கேட்டது,
ஈர விறகு எரிவதுபோல.

"கடை மூடுவதற்குள் பால் வாங்க வேண்டும்" என்றேன்.
"வாங்கலாம்" என்றான்.