கேஸ் மாறி வரும்வரை

துடியலூரிலிருந்து காட்டூருக்குப்
பத்து கிலோமீட்டர்கூட இல்லை.
பீரோ, கட்டில், நான்
எல்லாம் ஒரே நடையில் வந்து சேர்ந்தோம்.
கேஸ் இணைப்பு மட்டும்
இருபது நாளாகும் என்றார்கள்.

சாவியோடு ஒரு யோசனையும் தந்தார்
வீட்டுக்காரர் திருமூர்த்தி:
"மெயின் ரோட்டுல ஏசி ஓட்டல் இருக்குதுங்க.
பொம்பளைங்க தனியாப் போனாலும்
மருவாதியா இருக்கும்."
போனேன். மரியாதையாகத்தான் இருந்தது.
சாம்பாரும் மரியாதையாக
சோற்றைத் தொடாமல்
ஓரமாக ஒதுங்கி நின்றது.
நூற்றெண்பது ரூபாய்.

கீழே லேத் பட்டறை.
எட்டரைக்கு இரும்பு சீவத் தொடங்கினால்
சத்தம் கட்டில் காலில் ஏறிக்
கடைவாய்ப் பல்லில் வந்து உட்காரும்.
பத்தே முக்காலுக்குச் சட்டென்று நிற்கும்.
கரண்ட் போகிறதென்று மூன்று நாள் நினைத்தேன்.
நான்காம் நாள் எட்டிப் பார்த்தால்
எண்ணெய்க் கைகளை வேட்டியில் துடைத்தபடி
ஆறு பேர் வரிசையாக
முனை பேக்கரிக்குப் போகிறார்கள்.
செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தேங்காய் பன் அப்போதுதான் இறங்கியிருந்தது,
கண்ணாடிப் பெட்டிக்குள் வேர்த்துக்கொண்டு.
கத்தி கேட்டதற்கு
"பிச்சே தின்னுங்க" என்றார் சசிதரன்.
உள்ளே செர்ரி, சர்க்கரை, சூடு.
டீ கிளாஸின் விளிம்பில்
யாருடைய கிரீஸ் ரேகையோ.
துடைத்துவிட்டுக் குடித்தேன்.
அடுத்த நாள் துடைக்கவில்லை.

லேத்துக்காரர்களில் ஒருவர், மயிலேறி,
மத்தியானத்துக்கு வழி சொன்னார்.
"போர்டு கீர்டெல்லாம் இருக்காதுங்.
நீலக் கதவு. தட்ட வேண்டாம், தள்ளுங்க."
தள்ளினேன்.
ஒரு வீட்டின் முன்னறை, நான்கு பெஞ்சு,
சுவரில் யாரோ ஒரு பிள்ளையின்
ஓட்டப்பந்தயக் கோப்பைகள்.
கோகிலாக்கா பேர் கேட்கவில்லை,
"கெட்டித் தயிரா, மோரா?" என்றுதான் கேட்டார்.
புதன்கிழமை அரிசிம்பருப்பு.
பூண்டு முழுசு முழுசாக,
நெய் ஒரு கரண்டி, மறுத்தால் இரண்டு.

பொழுதோடே காளான் வண்டி.
காளான் என்பது பேர்தான்.
தேடினால் முட்டைக்கோசு.
மழைநாளில் யாரும் தேடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலக் கதவு
தள்ளியும் திறக்கவில்லை.
பசியோடு கால்போன போக்கில் நடந்து
பாலத்தடிக்கு வந்தேன்.
தார்ப்பாய் கட்டிய கடை.
உள்ளே, தலையில் இன்னும் ஈரத் துண்டோடு,
கோகிலாக்கா தின்றுகொண்டிருந்தார்.
தோசை, குடல்கறி.
"நம்ம கை நமக்கே சலிச்சுப்போவுதுங்க" என்று
சித்தே நகர்ந்து இடம் விட்டார்.
எதிர் பெஞ்சில் திருமூர்த்தி.
என்னைக் கண்டதும் இலையைப் பார்த்தார்.
இலையையே வெகுநேரம் பார்த்தார்.
"ஏனுங், இங்க ஏசி இல்லீங்களா?"
"முப்பது பேருக்குத்தானுங்க போடுறாங்க,"
என்றார் இலையிடமே.
"எல்லார்த்துக்குஞ் சொல்லிப்போட்டா..."
மீதியைக் குழம்பில் தொட்டு
வாயில் போட்டுக்கொண்டார்.

சிலிண்டர் இருபத்து மூன்றாம் நாள் வந்தது.
சீல் பிரிக்கவில்லை.
மேலே துணி விரித்து ரேடியோவை வைத்திருக்கிறேன்.
உயரம் சரியாக இருக்கிறது.

போன வாரம் மொட்டைமாடி அறைக்கு
ஒரு பையன் வந்தான்.
அரியலூர்ப் பக்கமாம்.
ஒரு பை, ஒரு ஹெல்மெட்.
"இங்க சாப்பாடு எங்கக்கா நல்லாருக்கும்?"
பேக்கரியைச் சொன்னேன், மணியோடு.
கதவின் நிறத்தைச் சொன்னேன்.
காளான் வண்டிக்காரன் மிளகுத்தூளை அள்ளுவான்,
கையைப் பிடித்துவிடு என்றேன்.
"ஞாயித்துக்கெழமை?"

என் விரல் மெயின் ரோட்டுப் பக்கம் நீண்டது.
"ஏசி இருக்குது கண்ணு," என்றேன்.