இரவுப் பணி, அளவை நிலையம்

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நான் எழுதும் எண்
ஐம்பத்தெட்டு. சில இரவுகளில் ஐம்பத்தேழு.
பனி பெய்தாலும் அதே எண்.
எல்லைக்கு அந்தப்புறம் மின்நிலையம் எரிந்த இரவிலும்
அதே எண்.
நீலப் பேனா, கட்டம் போட்ட நோட்டு,
கையெழுத்து: போர்பாலா.

குழாய்க்கு எல்லை தெரியாது என்று
ஒந்த்ரேய் ஒருமுறை பெருமையாகச் சொன்னான்.
தெரியும் ஒந்த்ரேய்.
ரசீது தெரியும். வாடகை தெரியும்.
யார் தலையில் என்ன விழுந்தாலும்
தன் ஆழத்தில் குனிந்தபடி
நகரத் தெரியும்.

மேலே ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை பறக்கிறது.
கீழே, ஆளுயர மண்ணுக்கடியில்,
ஏவுகணை விட்டவனின் வாயு
அது விழுந்தவனின் வயல் வழியே
என் அடுப்புக்கு வருகிறது.
மூவருக்கும் கணக்குச் சரி.

முட்டைக்கோஸ் சூப்புக்கு
உலை வைக்கிறேன்.
நான் கட்டும் பில்லில்
யாருக்கோ உலை வைக்கிறார்கள்.

எடிட்டா என் சித்தி மகள். இருப்பது உஷ்ஹொரோதில்.
எல்லையில் வரிசை இல்லாவிட்டால்
காரில் முக்கால் மணி.
அவள் மகன் ஒரெஸ்ட்டைப் பற்றி
நான் கேட்பதை நிறுத்தி எட்டு மாதம்.
அவள் சொல்வதை நிறுத்தி ஒன்பது.
இப்போதெல்லாம் மின்சாரம் பற்றிப் பேசுகிறோம்.
இன்று நான்கு மணி நேரம் இருந்தது,
துணி துவைத்தேன், ரொட்டி சுட்டேன் என்பாள்.
"உன் பக்கம் அழுத்தம் எவ்வளவு?"
ஐம்பத்தெட்டு, என்பேன்.
"எனக்கு நூற்றறுபது. மாத்திரை தீர்ந்துவிட்டது."

ஓஹையோவிலிருந்து ரூடி அழைத்தான்.
எஃகு ஆலைக்கென்று கப்பலேறிய கிளையின்
கடைசிக் கொழுந்து.
"எங்களுக்கு இரண்டு கடல் இருக்கிறது" என்றான்,
சொத்துப் பத்திரத்தைக் காட்டுவதுபோல.
"உங்கள் சண்டையை நீங்கள் பாருங்கள்.
எங்கள் ஆலையை மூடியபோது
அங்கே யார் அழுதீர்கள்?"
அழவில்லைதான்.
அக்கரை என்று எழுதும்போது
ஓர் எழுத்து பிசகினால்
அக்கறை ஆகிவிடும்.
ரூடி பிசகாமல் எழுதுகிறான்.

அவனைத் திட்டிக்கொண்டே பீர்க்கடைக்குப் போனேன்.
அங்கேயும் ரூடிகள்,
கடலே இல்லாமல்.
ஒரு வேலிதான் நடுவில், அதற்கே அத்தனை தைரியம்.
"நமக்கென்ன? கேஸ் மலிவாக வந்தால் சரி."
நானும் பில்லைப் பிரித்துப் பார்ப்பவள்தான்.
இன்னொரு பீர் வாங்கினேன்.

தொலைக்காட்சியில் தலைவர்கள்
தோளோடு தோள் நின்றார்கள், கொடிகளுக்கு முன்னால்.
ஒருவருக்கு அடி விழுந்தால் எல்லோருக்கும் விழுந்ததாம்.
தொழில் புத்தி,
நான் முகங்களைப் பார்க்கவில்லை.
அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் இருந்த
வெப்பமூட்டியைப் பார்த்தேன்.
யாருக்கும் குளிரவில்லை.

புத்தாண்டு விடியலில் ஒப்பந்தம் முடிந்தது.
ஊசி விழும் என்று காத்திருந்தோம்.
விழவில்லை. ஓட்டம்தான் நின்றது.
இருபது வருஷம் கேட்டுக் கேட்டுக்
கேளாமல் போயிருந்த இரைச்சல்
நின்றபோதுதான் காதில் விழுந்தது.
ஒந்த்ரேய் தொப்பியைக் கழற்றினான்,
ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.
நோட்டில் எழுதினேன்:
அழுத்தம் ஐம்பத்தொன்று. ஓட்டம் பூஜ்யம்.
உள்ளே கடைசி வாயு
முன்னால் போக வழியில்லாமல்,
வந்த வழி திரும்பாமல்,
இறுகி நின்றது.

வீட்டில் அடுப்பு எரிந்தது.
அதே நீலம்.
இது மேற்கிலிருந்து வருவதாம், கூடுதல் விலைக்கு.
கப்பலில் வந்திருக்கலாம்.
ரூடியின் ஊர்ப்பக்கத்து வாயுவாகவும் இருக்கலாம்.
அவன் சொன்ன இரண்டு கடலில்
ஒன்றை அது தாண்டிவிட்டது.

இரவு எடிட்டா அழைத்தாள்.
"இப்போது எவ்வளவு?"
ஐம்பத்தொன்று, என்றேன். ஆனால் எதுவும் ஓடவில்லை.
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று
இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அறுந்திருக்கவில்லை.
பிறகு அவள்
ஒரெஸ்ட் என்றாள்.